தொப்பிக்குள் இருந்த தாள்

மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கப்போகும் நம்மைப் போன்றவர்களுக்கு அமெரிக்காவில் என்ன வேலை இருக்கப்போகிறது? காலையில் நடை, பத்து மணிக்கு இரண்டாவது காப்பி, மூன்று மணிக்குப் பேரனைப் பள்ளி பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொள்வது, மாலையில் மறுபடியும் நடை. 2018-ல் பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் அப்படி இருந்தபோது எனக்குக் கூடுதலாக ஒரு வேலை வந்து சேர்ந்தது. ஒரு தொப்பியின் வயதைக் கண்டுபிடிக்கும் வேலை.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். வயது 84. மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் வேறு மாநிலங்களில். நடைப்பயிற்சியில்தான் பழக்கம். நான் பேசும் ஆங்கிலம் அவருக்குப் பாதி புரியும், அவர் பேசுவது எனக்கு முக்கால்வாசி புரியும், மீதியை இருவரும் தலையாட்டிச் சமாளித்துக்கொள்வோம். ஒருநாள் என்ன உத்தியோகம் பார்த்தீர்கள் என்று கேட்டார். சார்பதிவாளர், 34 வருட சர்வீஸ் என்றேன். "அப்படியென்றால் ஒரு பத்திரம் உண்மையா போலியா என்று பார்த்ததும் சொல்லிவிடுவீர்களா?" என்றார். அது கோர்ட்டின் வேலை, எங்கள் வேலை பதிவு செய்வது மட்டும்தான் என்று விளக்கினேன். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் ஒரு வட்ட அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார்.

பெட்டிக்குள் பழுப்பு நிறத்தில் ஒரு தொப்பி. கறுப்பு வெள்ளைக் காலத்து ஆங்கிலப் படங்களில் கதாநாயகன் ஒரு பக்கம் சாய்த்து வைத்திருப்பானே, அந்த மாதிரி. உள்ளே நெற்றியைச் சுற்றி வரும் தோல்பட்டையில் தங்க எழுத்தில் 'ஸ்டெட்சன்' என்று அச்சு. கூடவே தட்டச்சு செய்த ஓர் அட்டை. 1905-ம் வருடக் கிறிஸ்துமஸ் அன்று ஜான் பி. ஸ்டெட்சன் தம் கையாலேயே தம் தொழிற்சாலையில் வேலை செய்த என் தாத்தாவுக்குக் கொடுத்த தொப்பி இது, என்று அதில் இருந்தது. அந்த ஊர் வரலாற்றுச் சங்கத்தின் சிறிய காட்சிக்கூடத்துக்குத் தொப்பியைக் கொடுக்கப்போகிறாராம். பாட்டி சொல்லிச் சொல்லிச் சின்ன வயதிலிருந்து கேட்ட கதையாம். "அவர்கள் ஆதாரம் கேட்பார்கள். நீங்கள் பார்த்துச் சொன்னால் எனக்குத் தைரியம்" என்றார்.

எனக்குத் தொப்பியைப் பற்றி என்ன தெரியும்? எங்கள் பக்கம் தொப்பி என்றால் போலீஸ்காரர் தலையில் இருப்பதும், சின்ன வயதில் பார்த்த பழைய என்ஜினியர் ஒருவரின் நெட்டித் தொப்பியும்தான். ஆனாலும் பழைய ஒன்றைக் கையில் கொடுத்து வயது என்ன என்று கேட்டால் எனக்குச் சும்மா இருக்க முடியாது. நூலகத்திலிருந்து மகன் நாலைந்து புத்தகங்கள் எடுத்துவந்தான். மூன்று வாரம் அதே வேலை. "ஊரில் இருந்தால் அடுத்தவன் வீட்டுப் பத்திரம், இங்கே வந்தால் அடுத்தவர் வீட்டுத் தொப்பி" என்று வீட்டுக்காரம்மா சொன்னதில் தப்பில்லை.

ஸ்டெட்சனின் கதையே சுவாரசியமானது. தொப்பி செய்பவரின் மகன். 1830-ல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். உடம்பு மெலிந்து, காசநோய் என்று பயந்து, நல்ல காற்றைத் தேடி மேற்குப் பக்கம் போயிருக்கிறார். அங்கே கூட வந்தவர்களுக்கு விளையாட்டாக ரோமத்தை வைத்து அகல விளிம்புத் தொப்பி ஒன்றைச் செய்து காட்ட, குதிரையில் வந்த ஒருவர் அதை ஐந்து டாலர் தங்கக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டாராம். இந்தத் தங்கக் காசுக் கதைக்கு எத்தனை சாட்சி உண்டோ, கம்பெனி அதை விடாமல் சொல்லிவந்திருக்கிறது. 1865-ல் கையில் இருந்த 100 டாலரோடு பிலடெல்பியாவில் ஏழாவது தெருவும் கேலோஹில் தெருவும் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்தார். அடுத்து அவர் செய்த 'பாஸ் ஆஃப் தி ப்ளெயின்ஸ்' என்ற தொப்பிதான் மாடு மேய்க்கும் கௌபாய்களின் தலையில் போய் உட்கார்ந்தது. மழைக்குக் குடை, குதிரைக்குத் தண்ணீர்த் தொட்டி, அடுப்புக்கு விசிறி என்று எல்லாமாகவும் இருந்தது.

நான்காவது தெருவில் எழும்பிய அவரது தொழிற்சாலை ஓர் ஊரைப் போல வளர்ந்தது. தொழிலாளர்களுக்கு ஆஸ்பத்திரி, ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி, வீடு கட்டக் கடன் கொடுக்கும் சங்கம் எல்லாம் வளாகத்துக்குள்ளேயே. கிறிஸ்துமஸ் அன்று எல்லோரையும் கூட்டிப் பரிசு கொடுப்பார். கல்யாணமானவர்களுக்கு வான்கோழி, ஆகாதவர்களுக்குத் தொப்பி, பெண்களுக்குக் கையுறையும் மிட்டாயும். இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெரியவரின் தாத்தா மணம் செய்தது 1907-ல். அப்படியானால் 1905-ல் அவர் தொப்பி வரிசையில்தான் நின்றிருக்க வேண்டும். ஸ்டெட்சன் இறந்தது 1906 பிப்ரவரியில், ஃப்ளோரிடாவில். ஆக, அவர் உயிரோடு இருந்த கடைசிக் கிறிஸ்துமஸ் அது. பாட்டியின் கதையில் ஓர் ஓட்டைகூட இல்லை.

எங்கள் ஆபீஸில் ஒரு பழைய எழுத்தர் இருந்தார். எல்லாம் சரியாகப் பொருந்துகிற பத்திரத்தைத்தான் சார் இன்னொரு தடவை பார்க்கணும் என்பார்.

இந்தத் தொப்பிகளை எப்படிச் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். இதில் நம் ஊர்ச் சங்கதி ஒன்று இருக்கிறது. இது நெய்த துணி அல்ல. முயல், நீர்நாய் போலத் தண்ணீரில் வாழும் பீவர் ஆகியவற்றின் தோலிலிருந்து அடி ரோமத்தை மட்டும் எடுத்து, ஓட்டைகள் போட்ட ஒரு பெரிய செப்புக் கூம்பின்மேல் படியவிடுவார்கள். உள்ளேயிருந்து காற்றை உறிஞ்ச, ரோமம் பனி மாதிரி கூம்பில் ஒட்டிக்கொள்ளும். வெந்நீர் தெளித்து எடுத்தால் தலையைவிடப் பல மடங்கு பெரிதாய் ஒரு கூம்பு கிடைக்கும். அதைச் சுடுநீரில் போட்டுப் பிசைந்து, உருட்டி, சுருக்கிச் சுருக்கி ஒரு தலை அளவுக்குக் கொண்டுவர வேண்டும். விறைப்புக்கு என்ன சேர்ப்பார்கள்? அரக்கு. உலகத்துக்கு அந்த அரக்கைப் பெரும்பாலும் கொடுத்துவந்தது இந்தியாதான். சோட்டா நாக்பூர்க் காடுகளில் மரக்கிளையிலிருந்து சுரண்டி எடுத்த அரக்கு கல்கத்தாவில் கப்பல் ஏறிப் போயிருக்கிறது. மாவட்டப் பதிவாளர் ஆபீஸில் உயில் உறைகளுக்கு அரக்கு உருக்கி முத்திரை வைத்தவன் நான். தொப்பியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தபோது தூரத்து உறவினரைப் பார்த்த மாதிரி இருந்தது.

அந்தத் தொழிலுக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. ரோமம் ஒன்றோடொன்று நன்றாகப் பின்னிக்கொள்ளத் தோலில் பாதரசக் கரைசல் பூசுவார்கள். அந்த ஆவியைச் சுவாசித்துச் சுவாசித்துத் தொப்பித் தொழிலாளர்களுக்குக் கை நடுங்கும், பேச்சுக் குழறும், மனம் பேதலிக்கும். கனெக்டிகட் மாநிலத்தில் தொப்பித் தொழிலுக்குப் பேர்போன டான்பரி என்ற ஊரில் இதற்கு 'டான்பரி நடுக்கம்' என்றே பெயர். 1941 டிசம்பரில்தான் அமெரிக்காவில் இதை நிறுத்தினார்கள். பழைய தொப்பிகளில் பாதரசம் இன்னும் தங்கியிருக்கலாம் என்று படித்த அன்றிலிருந்து நான் பெட்டியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சமையலறைக்குள் நுழைய முடியாது என்றாகிவிட்டது.

புத்தகத்தில் படித்ததை வைத்து வெளியே தெரிந்ததையெல்லாம் பார்த்தேன். பெட்டியின் அச்சு மிகப் பழைய பாணி. ஆனால் பெட்டி சாட்சியாகாது. பழைய பெட்டியில் புதுத் தொப்பியை வைப்பது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். கல்யாணப் புடவைப் பெட்டியில் நம் வீடுகளில் என்னென்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஊர்ப் பெயரும் உதவும். பிலடெல்பியா தொழிற்சாலை 1971-ல் மூடப்பட்டு, தொப்பி செய்யும் வேலை மிசூரி மாநிலத்து செயின்ட் ஜோசஃப் என்ற ஊருக்குப் போனது. அந்த ஊர்ப் பெயர் இருந்தால் அதற்குப் பிந்தியது. இதில் பிலடெல்பியா என்றே இருந்தது. நல்லது. ஆனால் 1905-ம் அதற்குள் அடக்கம், 1965-ம் அடக்கம். 1915-ல் மட்டும் 5,400 பேர் வேலை செய்து ஒரே வருடத்தில் 33 லட்சம் தொப்பி செய்திருக்கிறார்கள். அந்தக் கடலில் எந்தத் துளி என்று கண்டுபிடிப்பது?

பழைய தொப்பிகளைச் சுத்தம் செய்து கொடுக்கும் ஒருவர் நகரத்துக்குள் இருப்பதாக மகன் விசாரித்துச் சொன்னான். பெரியவருக்கு அன்றைக்கு மூட்டு வலி. நீங்களே கொண்டுபோய்ப் பாருங்கள் என்று பெட்டியைக் கொடுத்துவிட்டார்.

கடைக்காரர் எழுபது வயதுக்காரர். தொப்பியின் மேல்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. கவிழ்த்து, தோல்பட்டையை விரலால் மெதுவாக வெளிப்புறம் புரட்டினார். பட்டைக்குப் பின்னாலிருந்து நீளவாக்கில் மடித்த செய்தித்தாள் துண்டு ஒன்று விழுந்தது. தொப்பி பெரிதாக இருந்தால் தாளை மடித்துச் செருகி இறுக்கிக்கொள்வது வழக்கம் என்று சொல்லிவிட்டு அதை ஒரு பக்கம் வைத்தார். சின்ன அளவுச் சீட்டு ஒன்று இருந்தது, 7⅜ என்று. தலையின் சுற்றளவை அங்குலத்தில் அளந்து 'பை'யால் வகுத்தால் வருவது இந்த எண். 7⅜ என்றால் சுமார் 23 அங்குலம், பெரிய தலை. இன்னும் கொஞ்சம் தள்ளி, தபால்தலை போல ஓரம் பல் பல்லாக ஒரு சின்னக் காகிதம் ஒட்டியிருந்தது. பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். தொழிற்சங்க லேபிள். 'யுனைடெட் ஹேட்டர்ஸ், கேப் அண்ட் மில்லினரி வொர்க்கர்ஸ்' என்று தொடங்கும் நீளமான பெயர்.

எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. மூன்று வாரமாகப் படித்ததில் அது இருந்தது. தொப்பித் தொழிலாளர்களின் பழைய சங்கத்துக்கு 'யுனைடெட் ஹேட்டர்ஸ் ஆஃப் நார்த் அமெரிக்கா' என்று பெயர். பெரிய போராட்டக்காரர்கள். டான்பரி முதலாளி ஒருவரின் தொப்பியை வாங்காதே என்று பிரசாரம் செய்ததற்காக உறுப்பினர்களின் வீடுகளும் வங்கிச் சேமிப்பும் ஜப்திக்கு உள்ளாகி, 1908-ல் சுப்ரீம் கோர்ட்டில் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பானது. அந்தச் சங்கம், குல்லாய் செய்பவர்களும் பெண்கள் தொப்பி செய்பவர்களும் இருந்த சங்கத்தோடு இணைந்து இந்த நீளப் பெயரை எடுத்துக்கொண்டது 1934-ல். அதற்கு முன் இந்தப் பெயர் கிடையாது, ஆகவே இந்த லேபிளும் கிடையாது. போதாததற்கு, தொழிலாளிக்கு ஆஸ்பத்திரிவரை கட்டிக்கொடுத்த ஸ்டெட்சனுக்குச் சங்கம் மட்டும் பிடிக்காது.

1980-களில் என் மேஜைக்கு ஒரு கிரயப் பத்திரத்தின் மூலம் வந்தது. 1946-ம் வருடத் தேதி. கையெழுத்துகள், சாட்சிகள், எல்லைகள் எல்லாம் கச்சிதம். முத்திரைத்தாளின் தலைப்பில் மட்டும் அசோகச் சிங்கங்கள்! 1946-ல் அங்கே ஜார்ஜ் மன்னர் தலை அல்லவா இருக்க வேண்டும்? 1950 ஜனவரி 26-க்குப் பிறகு வந்த சிங்கம் 1946-க்கு எப்படிப் போகும்? கொண்டுவந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை, வீட்டில் வந்து இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இதுவும் அதே கண்டுபிடிப்புதான். ஆனால் ரயிலில் திரும்பும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இதை அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வேன் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் யாரையும் ஏமாற்றப் பார்க்கவில்லையே. பாட்டி சொன்னதை நம்பினார், அவ்வளவுதான்.

"பேசாமல் இருந்துவிடேன் அப்பா, காட்சிக்கூடத்தில் வைத்தால் யார் என்ன ஆகப்போகிறார்கள்?" என்றான் மகன். வீட்டுக்காரம்மா வேறு மாதிரி சொன்னார். "நாளைக்கு விஷயம் தெரிந்த ஒருத்தர் அங்கே வந்து, நாலு பேர் முன்னால் சொன்னால் அவருக்கு எப்படி இருக்குங்க? நீங்களே போய்ச் சொல்லிடுங்க." அது சரி என்று பட்டது.

சொன்னேன். லேபிளைக் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "என் பாட்டி பொய் சொல்கிறவள் இல்லை" என்றார். இல்லை, கதை பொய்யாக இருக்க வேண்டியதில்லை, தாத்தாவுக்கு அப்படி ஒரு தொப்பி கிடைத்திருக்கலாம், இது அந்தத் தொப்பி இல்லை, அவ்வளவுதான் என்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அது எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. நன்றி என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த ஐந்து நாளும் நடைக்கு வரவில்லை.

ஆறாம் நாள், சலவைக்குப் போடச் சட்டையை எடுத்த வீட்டுக்காரம்மா பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார். கடைக்காரர் கொடுத்த செய்தித்தாள் துண்டு. சுத்தமாக மறந்துபோயிருந்தேன். லேபிளைப் பார்த்த பரபரப்பில் அதைக் குப்பை என்று நினைத்துவிட்டேன். 34 வருட சர்வீஸ் வேறு!

மேஜைமேல் வைத்து மெதுவாகப் பிரித்தேன். தேதி இருந்த ஓரம் கிழிந்துபோயிருந்தது. ஒரு பக்கம் போர்க்கடன் பத்திரம் வாங்கச் சொல்லும் விளம்பரத்தில் பாதி. மறுபக்கம் ரேஷன் அறிவிப்பு. சர்க்கரைக்கு எந்தக் கூப்பன், காப்பிக்கு எந்தக் கூப்பன் என்று. காப்பிக்கு ரேஷனா என்று நம் கும்பகோணத்து மனசு முதலில் அதில்தான் போய் நின்றது. நின்றதும் நல்லதற்குத்தான். அமெரிக்காவில் காப்பிக்கு ரேஷன் இருந்தது 1942 நவம்பர் இறுதியிலிருந்து 1943 ஜூலை வரை மட்டும்தான். ஆளுக்கு ஐந்து வாரத்துக்கு ஒரு பவுண்டு. ஆகவே தொப்பி 1934-க்குப் பிந்தியது, அந்தத் தாளைச் செருகியது ஏறக்குறைய 1943-ல். அதாவது அந்தச் சமயத்தில் 23 அங்குலத் தலைக்கு வாங்கிய தொப்பியை அதைவிடச் சின்னத் தலை ஒன்று அணிந்திருக்கிறது.

தாளை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். அவர் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. நான் தாளை நீட்டி, காப்பி ரேஷனையும் வருடத்தையும் சொன்னேன். அந்தச் சமயத்தில் உங்கள் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டேன், ஆபீஸில் கேட்கிற மாதிரியே.

தாத்தா 1939-லேயே இறந்துவிட்டார். இருந்தது பாட்டி, அம்மா, எட்டு ஒன்பது வயதுப் பையனாக இவர். அப்பா அந்த வசந்த காலத்தில் கடற்படையில் சேர்ந்து போனார். 1944-ல் பசிபிக்கில் இறந்தார். பிறகு அம்மா மறுமணம் செய்துகொண்டார். அந்த வீட்டில் அப்பாவைப் பற்றிய பேச்சு எழுவதில்லை. இவ்வளவையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டுத் தாளை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு வலது கையால் தம் நெற்றியைத் துடைத்தார். இரண்டு மூன்று முறை.

"மை ஒட்டிக்கொள்ளும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் சர்ச்சுக்கு வருவேன் என்று அடம்பிடிப்பாராம். தொப்பி மூக்குவரை இறங்கும். அம்மா செய்தித்தாளை மடித்துப் பட்டைக்குள் செருகிக் கொடுப்பார். சர்ச் வாசலில் தொப்பியை எடுத்தால் நெற்றியில் கறுப்பாய் ஒரு கோடு. அம்மா கைக்குட்டையை எச்சிலில் நனைத்துத் துடைத்துவிடுவாராம். எழுபத்தைந்து வருடமாக இது தம் நினைவில் ஒருமுறைகூட வந்ததில்லை என்றார். அப்பாவின் பொருள் என்று வீட்டில் ஒன்றுமே மிஞ்சவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். தாத்தாவின் தொப்பி என்ன ஆனதோ, அந்தப் பெட்டிக்குள் எப்போதோ அப்பாவின் தொப்பி குடியேறியிருக்கிறது.

வரலாற்றுச் சங்கத்துக்குத் தொப்பி போகவில்லை. பெட்டி மட்டும் போனது. அது எப்படியும் பழைய ஸ்டெட்சன் பெட்டிதானே. நாங்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் எங்கள் இருவரையும் காரில் நான்காவது தெருவுக்கு அழைத்துப் போனான். கட்டடங்கள் இடிபட்டும் எரிந்தும் போய்விட்டன. காரைவிட்டு இறங்கவில்லை.

அன்றைக்கு அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். 84 வயதிலும் அது அவருக்குப் பெரிதுதான், காதுக்கு இறங்கியது. அதைக் கழற்றிச் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, பழைய மடிப்பிலேயே மடித்து, தோல்பட்டைக்குப் பின்னால் செருகி மறுபடியும் போட்டுக்கொண்டார். வீடு வந்து இறங்கியபோது நான் அவருடைய நெற்றியைப் பார்த்தேன். மை ஒட்டவில்லை.